பெயரை விற்றவர் கடை திறந்தால்

(சிறுதொழில் செய்வோர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, 'பங்கை விற்ற பின் போட்டியிடாமை ஒப்பந்தம்: நீதிமன்றத்தில் எவ்வளவு செல்லும்?' தலைப்பை வாசித்ததுமே பின்வரிசையில் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அதனால் சட்டப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு ஓர் இனிப்புக் கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஊரையும் பேரையும் கேட்காதீர்கள். ஒரு பேருந்து நிலையம், அதற்கு எதிரே 22 வருடமாக ஓடும் கடை. முதலாளிகள் இருவர். பெரியவருக்கு 60 பங்கு, அவர் மனைவியின் தம்பிக்கு 40 பங்கு. பெரியவர் கல்லாவில் உட்காருவார். மச்சான் அடுப்படியையும் கல்யாண ஆர்டர்களையும் பார்ப்பார். ஒரு தீபாவளிக் கணக்கில் ஆரம்பித்த மனஸ்தாபம் பாகம் பிரிப்பதில் போய் முடிந்தது. மச்சான் தன் 40 பங்கையும் அத்தானுக்கே எழுதிக் கொடுத்தார். போட்ட முதலுக்கு ஒரு தொகை, கடைப் பெயருக்கு ஒரு தொகை என்று பணமும் வாங்கிக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து அதே பேருந்து நிலையத்தின் அடுத்த வாசலில், நூறு அடி தள்ளி, மச்சான் புதுக்கடை திறந்தார். பெயர்ப்பலகையில் கடையின் பெயர் வேறுதான். ஆனால் அதன் கீழே '22 வருட அனுபவம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதோடு நின்றிருந்தால்கூடப் பெரியவர் பொறுத்திருப்பார். பழைய கடையில் கல்யாண ஆர்டர் நோட்டு ஒன்று உண்டு: முகூர்த்தத் தேதி, பெண் வீடா மாப்பிள்ளை வீடா, எத்தனை கிலோ லட்டு, எத்தனை பெட்டி மிக்சர், கைபேசி எண். கணக்கு முடிப்பதற்கு முந்தின வாரம் மச்சான் அதைப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் பிடித்துவிட்டார். புதுக்கடை திறந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன். "அக்கா, மூத்தவளுக்கு நான்தானே லட்டு போட்டேன்? சின்னவளுக்கும் நானே போட்டுடறேன்."

பெரியவர் மஞ்சள் பையில் பத்திரத்தோடு என்னிடம் வந்தார். "தம்பி, கையெழுத்துப் போட்டிருக்கான். படிச்சுப் பாருங்க" என்றார். படித்தேன். 'இனி என் வாழ்நாள் முழுவதும் இந்தியாவில் எந்த ஊரிலும் உணவு சம்பந்தப்பட்ட எந்தத் தொழிலும் செய்யமாட்டேன்' என்று இருந்தது. "இதை யார் எழுதினது?" என்றேன். "பத்திரம் எழுதறவர் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே வெச்சிருந்தாரு. 'வாழ்நாள் முழுவதும்' மட்டும் நான் சேர்க்கச் சொன்னது. அப்போ இருந்த கோபம், தம்பி."

அந்த இரண்டு சொல்லுக்காக அவர் நீதிமன்றத்தில் பட்ட பாட்டைக் கடைசியில் சொல்கிறேன். அவர் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்: "கையெழுத்துப் போட்டுட்டு ஒருத்தன் மீறலாமா?"

கடன் பத்திரமாக இருந்தால் மீற முடியாது. ஆனால் 'நான் தொழில் செய்யமாட்டேன்' என்று எழுதிக் கொடுப்பது வேறு சங்கதி. 1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சட்டத்துக்கு உட்பட்ட ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்தத் தடை அளவுக்குச் செல்லாது என்கிறது. அந்தப் பிரிவு நியாயமான தடை, அநியாயமான தடை என்று பிரித்துப் பார்க்கவில்லை. கொஞ்சமாகத் தடுத்தாலும் செல்லாது, முழுதாகத் தடுத்தாலும் செல்லாது.

சட்டம் வந்த இரண்டே ஆண்டில், 1874-இல், கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சட்டக் கல்லூரியில் படித்த யாருக்கும் மறக்காத பெயர்: மாதவ் சந்தர் எதிர் ராஜ்குமார் தாஸ். கல்கத்தாவின் ஒரே பகுதியில் இரண்டு பேர் ஒரே தொழில் செய்தார்கள். போட்டியில் ஒருவருக்கு நஷ்டம். அவர் மற்றவரிடம், "இந்தப் பகுதியில் கடையை மூடிவிடு, வேலையாட்களுக்கு நீ கொடுத்து வைத்திருக்கும் முன்பணத்தை நான் தந்துவிடுகிறேன்" என்றார். மற்றவர் அதை நம்பிக் கடையை மூடினார். பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். ஒப்பந்தமே செல்லாது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்கள். தடை கல்கத்தாவின் ஒரு மூலைக்கு மட்டும்தானே என்ற வாதமும் எடுபடவில்லை. சொன்ன சொல்லை நம்பிக் கடையை மூடியவருக்குக் காலணாக்கூடக் கிடைக்கவில்லை.

இவ்வளவு கறாரான பிரிவு எங்கிருந்து வந்தது? நியூயார்க்கில் டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் எழுதிய சட்ட வரைவிலிருந்து. அந்த வரைவை நியூயார்க் ஏற்கவில்லை. இந்தியாவும் கலிஃபோர்னியாவும் எடுத்துக்கொண்டன, அதுவும் ஒரே ஆண்டில். கலிஃபோர்னியாவின் சிவில் சட்டத் தொகுப்பும் 1872-இல் இயற்றப்பட்டதுதான். சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு கம்பெனியை விட்டு எதிர்க் கம்பெனிக்கு மறுநாளே போக முடிகிறது என்றால், அதற்கும் நம் 27-ஆம் பிரிவுக்கும் தாய் ஒன்று. 1958-இல் நம் சட்ட ஆணையம் தன் 13-ஆவது அறிக்கையில், நியாயமான தடையை அனுமதிக்கும்படி இந்தப் பிரிவைத் தளர்த்தலாம் என்றது. பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பிரிவு பெரிய அரண். வேலையில் இருக்கும்போது முதலாளிக்குப் போட்டியாகத் தொழில் செய்யாதே என்று சொல்லலாம். வேலையை விட்ட பிறகு தடுக்க முடியாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு நினைவிருக்கலாம். அவருடைய விளம்பர ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்ட நிறுவனம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் 'முதலில் எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வேறு இடம் போகவேண்டும்' என்ற ஷரத்தைக் காட்டித் தடை கேட்டது. காலம் முடிந்த பின் அப்படிக் கட்டிப்போட முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் நம் பெரியவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதானா? இல்லை. 27-ஆம் பிரிவுக்கு அடியில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான். அதன் சாரம் இது: ஒரு வியாபாரத்தின் நற்பெயரை விற்பவர், குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள், வாங்கியவர் அங்கே அதே மாதிரி வியாபாரத்தை நடத்திவரும் வரை, தான் அதுபோன்ற தொழில் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம், அந்த எல்லை, தொழிலின் தன்மையைப் பார்க்கும்போது, நீதிமன்றத்துக்கு நியாயமாகத் தோன்ற வேண்டும்.

இதில் நான்கு முடிச்சுகள் இருக்கின்றன. நற்பெயர் விற்கப்பட்டிருக்க வேண்டும். எல்லை குறிப்பிட்டிருக்க வேண்டும். வாங்கியவர் தொழிலை நடத்திக்கொண்டிருக்க வேண்டும். எல்லை நியாயமாக இருக்க வேண்டும். நாலில் ஒன்று அவிழ்ந்தாலும் பழைய 27-ஆம் பிரிவு வந்து நிற்கும். மூன்றாவது முடிச்சைப் பலர் கவனிப்பதில்லை. கடையை வாங்கிப் பூட்டு போட்டுவிட்டு, 'நீயும் திறக்காதே' என்று சொல்ல இந்த விதிவிலக்கில் இடம் இல்லை.

ஏன் நற்பெயருக்கு மட்டும் இந்தச் சலுகை? உங்கள் ஐந்தொகையில் குட்வில் என்று ஒரு வரி இருக்கும். ஆடிட்டர் ஒரு தொகை போட்டிருப்பார். கடையில் அது எங்கே இருக்கிறது? பாத்திரத்திலோ கண்ணாடி அலமாரியிலோ இல்லை. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் யோசிக்காமல் உங்கள் கடைப்பக்கம் திரும்புகிறாரே, அதுதான் நற்பெயர். கண்ணாடி அலமாரியை விற்றால் வாங்கினவர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அந்தப் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. விற்றவர் பக்கத்து வாசலில் நின்று "நான் இங்கே இருக்கேன்" என்று குரல் கொடுத்தால், விற்ற பொருள் அவர் பின்னாலேயே போய்விடும். காசு வாங்கிக்கொண்டு விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதே என்பதுதான் இந்தத் தடைக்குப் பின்னால் இருக்கும் நியாயம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற வழக்குகளெல்லாம் தானாக விளங்கும்.

இங்கிலாந்தில் 1711-இல் ஒரு ரொட்டிக்கடை வழக்கு. ரெனால்ட்ஸ் என்பவர் லண்டனில் ஒரு திருச்சபை வட்டாரத்தில் இருந்த தன் ரொட்டி அடுமனையை மிச்செல் என்பவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுத்தார். அந்த ஐந்து ஆண்டும் அந்த வட்டாரத்துக்குள் ரொட்டி சுடமாட்டேன், சுட்டால் 50 பவுன் தருகிறேன் என்று எழுதியும் கொடுத்தார். சுட்டார். ஒரு வட்டாரம், ஐந்து ஆண்டு, ஈடாக வாங்கியது ஒரு தொழில்; இது நியாயமான தடைதான் என்றது நீதிமன்றம்.

அடுத்த வழக்கில் எல்லை உலகம் முழுக்க. சுவீடன்காரர் தோர்ஸ்டன் நார்டன்ஃபெல்ட் துப்பாக்கி, வெடிமருந்துத் தொழிலை 287,500 பவுனுக்கு விற்றார். அது பிறகு மாக்சிம் துப்பாக்கிக் கம்பெனியோடு சேர்ந்தது. 25 ஆண்டுகளுக்கு உலகில் எங்கும் துப்பாக்கி, வெடிமருந்துத் தொழில் செய்வதில்லை என்று ஒரு வாக்கு; கம்பெனிக்குப் போட்டியான வேறு எந்தத் தொழிலும் செய்வதில்லை என்று இன்னொரு வாக்கு. பிறகு அவர் போட்டிக் கம்பெனியோடு சேர்ந்தார். 1894-இல், அன்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு உச்ச மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை என்ன சொன்னது? முதல் வாக்கு செல்லும். பீரங்கி வாங்குகிறவர்கள் அரசாங்கங்கள். அந்தச் சந்தை உலகம் முழுக்க விரிந்தது. அதனால் எல்லையும் உலகம்தான். இரண்டாவது வாக்கு செல்லாது. அவர் விற்றது பீரங்கித் தொழிலின் பெயரை. பிற்காலத்தில் அந்தக் கம்பெனி எதையெல்லாம் செய்யப்போகிறதோ அதற்கெல்லாம் அவரைக் கட்டிப்போட முடியாது.

பாருங்கள், ரொட்டிக்கு ஒரு வட்டாரம், பீரங்கிக்கு உலகம். இரண்டு வழக்கிலும் அளவுகோல் ஒன்றுதான்: விற்ற பெயர் எவ்வளவு தூரம் செல்வாக்கோடு இருந்ததோ, அவ்வளவு தூரம் தடை. எங்கள் பெரியவரின் லட்டு அந்த ஊரையும் சுற்றியுள்ள நாற்பது ஐம்பது கிராமங்களையும் தாண்டிப் போனதில்லை. பத்திரமோ கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை மச்சானைக் காபிக்கடைகூட வைக்கவிடாது.

இனி கூட்டாளிகள் விஷயம். இந்த அவையில் பாதிப் பேர் கூட்டாண்மை நிறுவனம் நடத்துகிறவர்கள். உங்களுக்கென்று 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தில் 36-ஆம் பிரிவு இருக்கிறது. அதன் முதல் பகுதி, விலகிப்போன கூட்டாளி போட்டித் தொழில் செய்யலாம், விளம்பரமும் செய்யலாம் என்கிறது. கேட்டதும் வயிறு எரியும். ஆனால் கூடவே மூன்று காரியங்கள் கூடாது என்கிறது: பழைய நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக்கூடாது, அந்த நிறுவனமே தான்தான் என்று காட்டிக்கொள்ளக்கூடாது, தான் விலகுவதற்கு முன் நிறுவனத்தோடு வரவு செலவு வைத்திருந்த வாடிக்கையாளர்களைத் தேடிப்போய் அழைக்கக்கூடாது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, இந்த மூன்றும் நீங்கள் பத்திரத்தில் ஒரு வரிகூட எழுதாமலே சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு. இரண்டாவது பகுதி, குறிப்பிட்ட காலத்துக்கு அல்லது குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள் போட்டித் தொழிலே செய்வதில்லை என்று கூட்டாளிகள் ஒப்பந்தம் செய்துகொண்டால், தடை நியாயமாக இருக்கும்பட்சத்தில், 27-ஆம் பிரிவையும் மீறி அது செல்லும் என்கிறது. நிறுவனத்தைக் கலைத்து நற்பெயரை விற்கும்போதும் 55-ஆம் பிரிவு இதே மாதிரி வழிவிடுகிறது.

கல்யாண ஆர்டர் நோட்டைப் படம் பிடித்த கதையைச் சொன்னேனே, அதற்கு 1896-இலேயே ஒரு முன்னோடி உண்டு. லண்டனில் வார்னிஷ் செய்யும் ட்ரெகோ, ஹன்ட் என்ற இரு கூட்டாளிகள். நற்பெயர் முழுவதும் ட்ரெகோவுக்குச் சொந்தம் என்பது ஏற்பாடு. ஹன்ட் ஒரு குமாஸ்தாவை வைத்து வாடிக்கையாளர்களின் பெயர், முகவரிகளை ரகசியமாக நகல் எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டு முடிந்ததும் அவர்களைத் தேடிப்போகலாம் என்பது திட்டம். நற்பெயர் இன்னொருவருடையதாக இருக்கும்போது பழைய வாடிக்கையாளர்களைத் தேடிச்சென்று அழைப்பது அந்தச் சொத்தில் கைவைப்பதற்குச் சமம் என்று பிரபுக்கள் சபை தடை போட்டது. அன்றைக்குக் குமாஸ்தாவின் பேனா, இன்றைக்குக் கைபேசியின் கேமரா. நோக்கம் மாறவில்லை.

இப்போது கம்பெனிக்கு வருவோம். பிரைவேட் லிமிடெட் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். கம்பெனியில் நற்பெயர் கம்பெனிக்குச் சொந்தம், பங்குதாரருக்கு அல்ல. பங்கை விற்பவர் 'நான் நற்பெயரை விற்கவே இல்லையே, வெறும் பங்கைத்தானே விற்றேன்' என்று சொல்லலாம். சொல்லியும் பார்த்தார்கள். 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அஃபிள் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் வழக்கு. ஒரு கம்பெனியின் நிறுவனர்கள் அந்த நிறுவனத்துக்குப் பங்கை விற்றார்கள், போட்டியிடாமை உறுதியும் கொடுத்தார்கள். அதை ஊழியர் ஒப்பந்தத்தைப் பார்ப்பதுபோல் பார்க்காமல், வியாபாரத்தையும் அதன் நற்பெயரையும் கைமாற்றிய பேரத்தின் ஒரு பகுதியாக நீதிமன்றம் பார்த்தது. நீதிமன்றம் பார்ப்பது பெயரை அல்ல, சாரத்தை.

ஆனால் இதையே ஒரு தந்திரமாக்க நினைத்தால் அடி விழும். மேனேஜருக்கு அரை சதவிகிதம் பங்கு கொடுத்துவிட்டு, அவர் விலகும்போது அதைத் திரும்ப வாங்கி, 'பங்கை விற்றுவிட்டார், இனிப் போட்டித் தொழில் கூடாது' என்று சொல்வது அந்தத் தந்திரம். அது வேலை ஒப்பந்தத்துக்குப் போட்ட பட்டுத்துணி. எவ்வளவு பங்கு இருந்தால் 'முதலாளி' என்பதற்கு நம் சட்டத்தில் எண் கிடையாது. அமெரிக்காவில் ஓர் எண் வைக்க முயன்றார்கள். 2023 ஜனவரியில் கூட்டரசு வர்த்தக ஆணையம், வேலைக்காரர்கள் மேல் போட்டியிடாமை ஷரத்தே கூடாது என்று ஒரு விதி முன்மொழிந்தது. வியாபாரத்தை விற்பவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் குறைந்தது 25 சதவிகிதம் பங்கு இருந்திருக்க வேண்டும் என்றது. 2024 ஏப்ரலில் விதியை இறுதி செய்தபோது அந்த 25-ஐ எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று விதியையே ரத்து செய்தது. எண் வைத்துத் தீராத சங்கதி இது.

அதே அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளின் வழக்குகள் போய்ச் சேரும் இடம் டெலாவேர். அங்கே 2023-இல் இன்டர்டெக் வழக்கு. 2018-இல் அந்த நிறுவனம் 48 கோடி டாலருக்கு ஒரு கம்பெனியை வாங்கியது. விற்றவர்களில் ஒருவரான இணை நிறுவனருக்குத் தன் பங்குக்காக ஒரு கோடி டாலர் அளவில் கிடைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு உலகில் எங்கும் போட்டித் தொழில் கூடாது என்பது ஷரத்து. கம்பெனியின் தொழிலோ அமெரிக்காவுக்குள் நடந்தது. நீதிமன்றம் ஷரத்தை நிறைவேற்ற மறுத்தது. 'உலகம் பெரிதென்றால் அமெரிக்கா அளவுக்காவது சுருக்கிக் கொடுங்கள்' என்று வாங்கியவர் கேட்டதற்கும் மறுத்துவிட்டது. பேரம் பேசத் தெரிந்த பெரிய கம்பெனி அளவாக எழுதியிருக்க வேண்டும், அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்பது அதன் பொருள். அவ்வளவு பணம் கொடுத்தும், ஷரத்து எழுதியதில் பேராசை. கையில் வந்தது பூஜ்யம்.

பணம் என்றதும் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். போட்டியிடாமைக்கென்று தனி விலை போடும் வழக்கம் உண்டு. அதை வைத்தும் விளையாடியிருக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் கெய்ர்ன் இந்தியாவின் பெரும்பான்மைப் பங்கை வாங்க வேதாந்தா ஒப்பந்தம் போட்டது. பங்கை விற்ற கெய்ர்ன் எனர்ஜிக்குப் பங்கு ஒன்றுக்கு ரூ.405, அதில் ரூ.50 போட்டியிடாமைக் கட்டணம். சந்தையில் அதே பங்கை வைத்திருந்த சாதாரண முதலீட்டாளர்களுக்கு அறிவித்த விலை ரூ.355. சட்டத்தை மீறவில்லை, அன்றைய செபி விதிகள், பொதுமக்களுக்குத் தரும் விலையில் 25 சதவிகிதம் வரை இப்படித் தனியாகக் கொடுக்க அனுமதித்தன. ஒரே கம்பெனி, ஒரே பங்கு, ஆளுக்கொரு விலை. 2011-இல் வந்த புதிய விதிகளில் செபி இந்த வாசலை மூடியது. தனியாகக் கொடுக்கும் எந்தக் கட்டணமும் எல்லோருக்குமான விலையில் சேர்ந்துவிடும். கெய்ர்ன் பேரத்திலும் அந்த 50 ரூபாய் 2011-இல் கைவிடப்பட்டது.

வரித்துறைக்கும் இதில் கண் உண்டு. ரான்பாக்சியிடமிருந்து கஃபிக் கெம் நிறுவனம் வாங்கிய 50 லட்சம் ரூபாய் போட்டியிடாமைத் தொகை மூலதன வரவு, அதற்கு வரி இல்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பழைய ஆண்டுக் கணக்கு. அதற்குள் சட்டம் மாறிவிட்டது. 2003 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட தொகையைத் தொழில் வருமானமாகப் பார்க்கும்படி வருமான வரிச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. அதனால் பத்திரத்தில் எந்த வரியில் எந்தத் தொகை வருகிறது என்பதை எழுதும் முன் ஆடிட்டரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

குடும்பத்துக்குள் நடந்ததற்கு நாடறிந்த உதாரணம் அம்பானி சகோதரர்கள். 2005-இல் சொத்துப் பிரிவினை. 2006-இல் ஒருவர் துறைக்குள் ஒருவர் நுழைவதில்லை என்று போட்டியிடாமை ஒப்பந்தம். தொலைத்தொடர்பு தம்பி பக்கம் போயிருந்தது. 2010 மே 23 அன்று இருவரும் சேர்ந்தே அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள்; எரிவாயு மின் உற்பத்திக்கு மட்டும் ஒரு சின்னத் தடை மிஞ்சியது. மூன்று வாரம் ஆகவில்லை, ஜூன் 11 அன்று அண்ணனின் ரிலையன்ஸ், இன்ஃபோடெல் பிராட்பேண்டின் 95 சதவிகிதத்தை ரூ.4,800 கோடிக்கு வாங்குவதாக அறிவித்தது. அதுதான் பிற்காலத்து ஜியோ. போட்டியிடாமை என்பது கொடுக்கவும் திரும்ப வாங்கவும் கூடிய ஒரு சொத்து. அதை விட்டுக்கொடுக்கும் நாளில் அதன் மதிப்பு என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுங்கள்.

சரி, ஒப்பந்தம் ஒழுங்காகவே இருக்கிறது, எதிராளி மீறிவிட்டார். என்ன செய்வது? முதல் வேலை, நாளைக் கடத்தாதீர்கள். இந்த வழக்குகளில் நஷ்ட ஈட்டைவிட இடைக்காலத் தடை உத்தரவுதான் உயிர். பத்திரத்தில் நடுவர் மன்ற ஷரத்து இருந்தால் நடுவர் சட்டத்தின் 9-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். இல்லாவிட்டால் வணிக நீதிமன்றம். கூட்டாண்மை, பங்குதாரர் ஒப்பந்தத் தகராறுகள் 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் அங்கே போகும். அவசரத் தடை கேட்காத வழக்கென்றால் முதலில் சமரசத்துக்குப் போய்வர வேண்டும்.

அடுத்து ஆதாரம். எதிர்க்கடையின் பெயர்ப்பலகைப் படம், துண்டு நோட்டீசு, போன் வந்த வாடிக்கையாளர் ஒருவரின் வாக்குமூலம். 'ஊருக்கே தெரியும்' என்பது நீதிமன்றத்தில் ஆதாரம் ஆகாது. மூன்றாவது, 'மீறினால் ஒரு கோடி' என்று பத்திரத்தில் எழுதிவைத்தால் ஒரு கோடி வந்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி அந்த எண் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான். என்னைக் கேட்டால், விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, வருடா வருடம் தவணையாக, ஒப்பந்தத்தை மீறாதவரை தருவதாக எழுதுங்கள். நீதிமன்றத்தில் பத்து வாய்தா பெறுவதைவிடக் கையில் இருக்கும் ஒரு தவணைக்குப் பலம் அதிகம்.

இப்போது மஞ்சள் பைக்குத் திரும்புவோம். பெரியவர் என்னிடம் வந்தது புதுக்கடை திறந்து ஏழு மாதம் கழித்து. அக்காள் நடுவில் இருக்கிறாள், பேசித் தீர்க்கலாம் என்று காத்திருந்தார். அது மனிதனின் நியாயம். நீதிபதி முதலில் கேட்டது, "ஏழு மாதமா என்ன செய்தீர்கள்?" அடுத்துக் கேட்டது, "வாழ்நாள் முழுக்க இந்தியாவில் எங்கும் அடுப்பே பற்றவைக்கக் கூடாதா?" நான் நின்றுகொண்டிருந்தேன், பதில் என்னிடம் இல்லை. கடையை மூடும் தடை கிடைக்கவில்லை. கிடைத்தது 36-ஆம் பிரிவின் முதல் பகுதி தருகிற பாதுகாப்பு மட்டும்: பழைய கடையின் பெயரைச் சொல்லக்கூடாது, நோட்டில் உள்ள வாடிக்கையாளர்களைப் போனில் அழைக்கக்கூடாது. '22 வருட அனுபவம்' என்ற வரி பலகையிலிருந்து இறங்கியது. பத்திரத்தில் கோபமாக எழுதிய வரி ஒரு பைசாவுக்கும் உதவவில்லை; யாரும் எழுதாத, சட்டத்திலேயே இருந்த வரிதான் அவரைக் காப்பாற்றியது. அந்தப் பத்திரத்தில் 'இந்த ஊர் எல்லைக்குள், மூன்று ஆண்டு, இனிப்பு, காரத் தொழில்' என்று மட்டும் இருந்திருந்தால், நான் தலைநிமிர்ந்து வாதாடியிருப்பேன்.

வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து உங்கள் கூட்டாண்மைப் பத்திரத்தையோ பங்கு ஒப்பந்தத்தையோ எடுத்துப் பாருங்கள். நற்பெயருக்கு எவ்வளவு என்று தனியாக எழுதியிருக்கிறதா? எந்த ஊர், எத்தனை ஆண்டு, எந்தத் தொழில் என்று இருக்கிறதா? இல்லையென்றால், உறவு நன்றாக இருக்கும் இந்த நாளிலேயே உட்கார்ந்து திருத்தி எழுதுங்கள். மச்சானோடு ஒரே இலையில் சாப்பிடும் காலத்தில் எழுதும் பத்திரம்தான் அளவாக வரும். விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை: பெயரை விற்றுப் பணம் வாங்கினால் அந்தப் பெயரை விட்டு விலகி நில்லுங்கள், கைத்திறமை உங்களுடையது, அதை யாராலும் எழுதி வாங்க முடியாது.